கணினி அறுக்கும், கை பூட்டும்: தற்காலிகத் தோட்ட மண்டபம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019-இல் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் தேசியத் தோட்டக் கண்காட்சி நடந்தது. ஏப்ரலில் தொடங்கி அக்டோபரில் முடிந்துவிட்டது. அந்த ஆறு மாதத்துக்காக ஷ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆக்கிம் மெங்கஸ், யான் கினிப்பர்ஸ் ஆகியோரின் குழுக்கள் மரத்தில் ஒரு மண்டபம் எழுப்பின. உள்ளே கச்சேரி நடந்தது, நடுவில் ஒரு தூண்கூட இல்லை. கூரை 30 மீட்டரை அப்படியே தாண்டி நின்றது. 376 மரப் பெட்டிகளைக் கோத்துச் செய்த கூரை அது. ஒரு பெட்டியைப் போல் இன்னொன்று இருக்காது. இரண்டே தச்சர்கள் 10 வேலை நாளில் எல்லாவற்றையும் பூட்டி முடித்தார்கள்.

இந்த மண்டபத்தைப் பற்றி நான் எங்கே பேசினாலும், மாணவர்களும் தச்சர்களும் வீட்டில் தோட்டம் வைத்திருப்பவர்களும் சுற்றிச் சுற்றிச் சில கேள்விகளையே கேட்கிறார்கள். அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

டிஜிட்டல் ஃபேப்ரிகேஷன் என்றால் என்ன?

கணினியில் வரைந்த கோடு நேராக வெட்டும் இயந்திரத்துக்குப் போவதுதான். காகித வரைபடம் எடுத்து, மரத்தில் பென்சிலால் குறித்து, பிறகு அறுப்பது என்ற இடைப்பட்ட வேலை இங்கே கிடையாது. சிஎன்சி ரூட்டர் (கணினி சொல்கிறபடி சுழலும் பிட்டால் பலகையை வெட்டும் இயந்திரம்), லேசர், ரோபோ, முப்பரிமாண அச்சு இயந்திரம் எல்லாம் இந்தக் குடும்பத்தில் சேரும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. ஒரே மாதிரி நூறு துண்டு வெட்டச் சொன்னால் தச்சர் ஒரு அச்சு செய்து வைத்துக்கொண்டு மளமளவென்று முடித்துவிடுவார். நூறும் நூறு மாதிரி வேண்டும் என்றால் மாதக்கணக்கில் ஆகும். இயந்திரத்துக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலை. அதனால்தான் தட்டைப் பலகைகளை வைத்து வளைந்த கூரை செய்யும் யோசனைக்கே உயிர் வந்தது.

இதற்கு ஏன் எப்போதும் தோட்ட மண்டபத்தையே எடுத்துக்கொள்கிறார்கள்?

ஆறு மாதம் நின்றால் போதும் என்பதால் துணிந்து புதியதைச் செய்துபார்க்கலாம். மழையும் வெயிலும் படாமல் காத்தால் போதும். குளிர்சாதனம், குழாய், கழிப்பறை என்று ஒரு வீட்டுக்கு வேண்டிய எதுவும் வேண்டாம். லண்டனின் கென்சிங்டன் தோட்டத்தில் செர்பென்டைன் கலைக்கூடம் 2000-இல் தொடங்கிய கோடை மண்டப வரிசையும் இப்படித்தான் வளர்ந்தது. 2005-இல் அல்வாரோ சிசாவும் எத்வார்தோ சோத்தோ தெ மூராவும் அங்கே கட்டிய மர மண்டபத்தைப் பாருங்கள். கழுந்தைத் துளையில் செருகும் பழைய தச்சு இணைப்புதான். ஆனால் வளைந்த கூரை என்பதால் சட்டங்கள் ஒவ்வொன்றும் வேறு அளவு. அதைக் கையால் குறித்து அறுக்க யாருக்கும் மனம் வந்திருக்காது.

எல்லாத் துண்டும் வேறு வேறாக இருக்க வேண்டிய அவசியம் என்ன?

ஒரு பூசணிக்காயின் மேல் அட்டைத் துண்டுகளை இடைவெளி இல்லாமல் ஒட்டிப் பாருங்கள். ஒரே அளவில் வெட்டிய அட்டைகள் உதவாது. வளைவு கூடும் இடத்தில் சிறிய துண்டு, குறையும் இடத்தில் பெரிய துண்டு என்று ஒவ்வொன்றையும் அந்த இடத்துக்கேற்ப வெட்ட வேண்டியிருக்கும்.

கடல் முள்ளெலி என்ற முள் போர்த்த கடலுயிரியின் ஓடு இப்படித்தான் அமைந்திருக்கிறது. சிறு சிறு தட்டுகள், விளிம்பில் பல் பல்லாக ஒன்றோடொன்று கோத்திருக்கும். அதில் ஒரு நுட்பம் உண்டு: எந்த மூலையை எடுத்தாலும் அங்கே மூன்று தட்டுகள் மட்டுமே சந்திக்கும். மூன்று தட்டு ஒரு புள்ளியில் சேர்ந்தால் ஒன்றையொன்று அசையவிடாது. அந்த நிலையில் விளிம்புகள் வளைக்கும் விசையைப் பெரிதாகத் தாங்க வேண்டியதில்லை. ஒரு தட்டு பக்கத்துத் தட்டை உரசிக்கொண்டு நழுவாமல் பிடித்தால் போதும். நழுவலைத் தடுக்கப் பற்களைப் போலப் பொருத்தமானது வேறில்லை. இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொண்டு முன்னும் பின்னும் தேய்த்துப் பாருங்கள், தெரியும்.

இதை முதலில் முழுக் கட்டிடமாகச் செய்து காட்டியது ஷ்வேபிஷ் குமுண்ட் என்ற ஊரில் 2014-இல் நடந்த மாநிலத் தோட்டக் கண்காட்சியில். 243 பீச் மரப் பிளைவுட் தட்டுகள், தடிமன் 50 மில்லிமீட்டர். தட்டுகளின் விளிம்புகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட விரல் இணைப்புகள். உள்ளே 125 சதுர மீட்டர் இடம். அத்தனைக்கும் கூரைக்குச் செலவான மரம் 12 கன மீட்டர்தான். அந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிறைவு வரும். கான்கிரீட்டில் இதே இடத்தை மூடப் போகும் பொருளோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டே இல்லை.

ஹைல்பிரான் மண்டபத்தில் ரோபோ என்ன செய்தது? மனிதர்கள் என்ன செய்தார்கள்?

30 மீட்டர் தாண்ட வேண்டும் என்றதும் கெட்டிப் பலகை கனமாகிவிடும். அதனால் ஒவ்வொரு தட்டையும் உள்ளே வெற்றான பெட்டியாக மாற்றினார்கள்: சுற்றிலும் சட்டம், மேலே ஒரு மெல்லிய பலகை, கீழே ஒன்று. எடை சதுர மீட்டருக்கு 38 கிலோவில் நின்றது. அதற்குக் கொடுத்த விலை, உதிரிகளின் எண்ணிக்கை எட்டு மடங்கானது. அத்தனை உதிரிகளையும் கையால் கோத்து ஒட்டுவது நடக்கிற காரியமில்லை. ரோபோ வந்தது அந்த இடத்தில்.

இரண்டு பெரிய ரோபோக்கள். ஒன்று சட்டத்தையும் பலகையையும் எடுத்து வைக்கும், பசையைக் கணக்காகப் பூசும், பசை காயும்வரை அசையாமல் இருக்க பீச் மர ஆணி அடிக்கும். ஒரு பெட்டியை அடுக்கச் சராசரியாக 8 நிமிடம். பிறகு விளிம்பில் பற்களைக் கடைவதற்கு 20 முதல் 40 நிமிடம். பல் வெட்டும் துல்லியம் 0.3 மில்லிமீட்டர். மொத்தம் 17,000 விரல் இணைப்புகள். இதற்கான கட்டளை நிரல் சுமார் 20 லட்சம் வரிகள்; அதை யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்யவில்லை, வடிவமைப்பு மாதிரியே அதை எழுதித் தந்தது.

கட்டும் இடத்துக்கு வந்தபின் எல்லாம் மனிதக் கைதான். ஒவ்வொரு பெட்டியின் அடிப்பலகையிலும் ஒரு பெரிய ஓட்டை விட்டிருந்தார்கள். அதன் வழியே கையை விட்டு உள்ளே இருக்கும் போல்ட்டை முறுக்கலாம். கீழிருந்து பார்ப்பவருக்கு அது அழகான ஒரு திறப்பு. தச்சருக்கு அது ஸ்பேனர் போகும் வழி. வழக்கமாக இப்படிப்பட்ட கூரைக்குத் தேவைப்படும் பெரிய சாரமும் சென்ட்ரிங்கும் இல்லாமலே வேலை முடிந்தது. பற்கள் ஒவ்வொரு பெட்டியையும் அதன் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியதால் அளந்து அளந்து வைக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு இந்த மண்டபத்தில் மிகவும் பிடித்த பகுதி அந்த ஓட்டைகள்தான். பூட்டுகிற ஆளின் கை எங்கே போகும் என்று வரைகிறபோதே யோசித்திருக்கிறார்கள்.

அப்படியானால் எந்த வடிவத்தையும் வரைந்துவிட்டு வெட்டிக்கொள்ளலாமா?

கூடாது. புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் செய்வது இதைத்தான். கணினியில் அழகாக ஒரு வளைவு வரைகிறார்கள், அதைத் துண்டு போடுகிறார்கள், கடைசியில் இணைப்பைப் பற்றி யோசிக்கிறார்கள். வரிசையைத் தலைகீழாக வையுங்கள். முதலில் ஒரு இணைப்பு. அதை முழு அளவில் மரத்தில் வெட்டி, கையில் வைத்து இழுத்துப் பாருங்கள். அந்த இணைப்பு எந்தக் கோணம்வரை வேலை செய்யும், பல் எவ்வளவு நீளம் வேண்டும், உங்கள் இயந்திரத்தின் மேசையில் எவ்வளவு பெரிய பலகை படுக்கும், எத்தனை பேர் ஒரு தட்டைத் தூக்குவார்கள் என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். அவற்றை விதிகளாகக் கணினி மாதிரிக்குள் கொடுங்கள். வடிவம் அந்த விதிகளுக்குள்ளே பிறக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு தட்டுகளுக்கு நடுவே கோணம் மிகவும் தட்டையாகிவிட்டால் மூலை எங்கே விழும் என்பதே நிலையில்லாமல் போகும். மாதிரியில் ஒரு டிகிரி மாற்றினால் மூலை அரை மீட்டர் தள்ளி ஓடும். குதிரைச் சேணம் போல் இரு பக்கமும் எதிரெதிராக வளையும் இடங்களில் இன்னொன்று நடக்கும்: அங்கே தட்டுகள் தேன்கூட்டு அறை போல் இல்லாமல் இடுப்பு ஒடுங்கிய உடுக்கை வடிவம் எடுத்துக்கொள்ளும். குமுண்ட் மண்டபத்தில் இரண்டு வகையையும் பார்க்கலாம். பிழை என்று நினைத்துத் திருத்தப் போகாதீர்கள்.

பிளைவுட்டில் இணைப்பு வெட்டும்போது எங்கே தவறும்?

தடிமனில்தான். கடையில் 12 மில்லிமீட்டர் என்று தரும் பலகை 11.5 இருக்கும், சில நேரம் 12.3. ஒரே பலகையில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமே வேறுபடும். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு பலகையையும் நாலைந்து இடத்தில் வெர்னியர் வைத்து அளந்து, அந்த எண்ணை மாதிரியில் போடுங்கள். தடிமன் என்பது மாதிரியில் மாற்றக்கூடிய ஒரு எண்ணாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டிலும் கையால் போட்டிருந்தால் தொலைந்தீர்கள்.

அப்புறம், ரூட்டர் பிட் உருண்டையானது. 6 மில்லிமீட்டர் பிட் உள்மூலையில் 3 மில்லிமீட்டர் வளைவை விட்டுவைக்கும். சதுரமான பல் அந்த வளைவில் உட்காராது. மூலையில் பிட்டைக் கொஞ்சம் தாண்டவிட்டு ஒரு சிறு குழி எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு மூலையையும் உளியால் சதுரமாக்க வேண்டிவரும். பல்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவே 0.1, 0.2, 0.3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மூன்று மாதிரித் துண்டு வெட்டிப் பாருங்கள். கையால் அழுத்தினால் பாதி போய், கொட்டாப்புளியால் இரண்டு தட்டு தட்டினால் மீதி போகிற அளவுதான் சரி.

எந்த வரிசையில் பூட்டுவது?

எனக்கு இது நன்றாகப் பாடம் சொல்லிக்கொடுத்த கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களோடு சேர்ந்து 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒரு சிறு கவிகை மண்டபம் செய்தோம். கீழிருந்து வளையம் வளையமாக ஏறி, மதியத்துக்குள் உச்சிக்கு வந்துவிட்டோம். கடைசித் தட்டு மட்டும் பாக்கி. அது இறங்கவே இல்லை. அளவு சரி, பற்களும் சரி. ஆனால் அதைச் சுற்றி ஐந்து தட்டுகள் ஐந்து பக்கம் சாய்ந்து நின்றன. ஒரு பக்கத்துப் பல்லுக்கு நேராக இறக்கினால் எதிர்ப்பக்கத்துப் பல் மோதியது. கடைசியில் பக்கத்து இரண்டு தட்டுகளையும் கழற்றி, மூன்றையும் தரையில் வைத்து லேசாகக் கோத்து, எட்டுப் பேர் ஒன்றாகத் தூக்கி இறக்கினோம். அதற்குள் இருட்டிவிட்டது.

ஒவ்வொரு தட்டும் எந்தத் திசையிலிருந்து உள்ளே வரும் என்பதை அம்புக்குறியாக மாதிரியிலேயே வரைந்துவிடுங்கள். அந்தத் தட்டு வரும் நேரத்தில் அதற்கு ஏற்கெனவே எத்தனை அண்டை வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு இருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. மூன்றுக்கு மேல் போனால் அந்தத் தட்டின் எல்லாப் பற்களையும் அம்புத் திசைக்கு இணையாகச் சாய்த்து வெட்ட வேண்டும், அல்லது பல் நீளத்தைக் குறைக்க வேண்டும். சாய்த்து வெட்ட ரோபோவோ, பிட்டைச் சாய்க்கவும் தெரிந்த ஐந்து அச்சு ரூட்டரோ தேவை. மூன்று அச்சு ரூட்டர் நேர்க்குத்தாகத்தான் வெட்டும் என்பதால், சிறிய மண்டபங்களில் உச்சித் தட்டைப் பல்லே இல்லாமல் போல்ட் மட்டும் வைத்து மூடிவிடுவது என் வழக்கம்.

மரக் கூரை லேசாக இருப்பது நல்லதுதானே?

தரைக்கு நல்லது. காற்று வந்தால் நிலைமை வேறு. ஒரு சிறிய கணக்கு: காற்றின் வேகத்தை வினாடிக்கு மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். வினாடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் காற்றுக்கு அது 540. ஏறத்தாழ 55 கிலோ எடைக்குச் சமம். ஹைல்பிரான் கூரையின் எடையே சதுர மீட்டருக்கு 38 கிலோதான். நீங்கள் செய்யப்போகும் 12 மில்லிமீட்டர் பிளைவுட் கூரை ஏழெட்டு கிலோ இருக்கும். வளைந்த கூரையின் மேல் காற்று அழுத்துவதை விட உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம். ஆகவே இதன் அஸ்திவாரம் தாங்கும் வேலையோடு இழுத்துப் பிடிக்கும் வேலையையும் செய்ய வேண்டும். தரையில் திருகி இறக்கும் இரும்புத் திருகாணி, அல்லது தளத்துக்கு அடியில் மணல் மூட்டை, கல். தோட்டத்தில் குழி தோண்டி கான்கிரீட் போட்டால் மண்டபம் போனபின்னும் அது அங்கேயே கிடக்கும். நான் அதை விரும்புவதில்லை.

இந்தியத் தரநிலை ஐஎஸ் 875-இன் மூன்றாம் பகுதி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர் என்று வைத்திருக்கிறது. மேலே சொன்ன கணக்கில் போட்டால் சதுர மீட்டருக்கு 150 கிலோ. குறுகிய ஆயுள் கொண்ட கொட்டகைகளுக்கு அந்தத் தரநிலை கொஞ்சம் தளர்வு தருகிறது. ஆனாலும் ஆட்கள் உள்ளே நிற்கப்போகும் எதையும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் எழுப்பாதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றிவிடலாம் என்பவர்களிடம் நான் கேட்பது, எத்தனை மணி நேரத்தில் கழற்றுவீர்கள் என்பதுதான்.

மழைக்கு என்ன செய்வது?

ஹைல்பிரானில் மரக் கூரைக்கு மேல் இபிடிஎம் ரப்பர் விரிப்பை நீளவாக்கில் விரித்து, அதன் மேல் பூச்சில்லாத லார்ச் பலகையை வேய்ந்தார்கள். நனைவது வெளிப்பலகை மட்டும். சிறிய மண்டபத்தில் இவ்வளவு வேண்டியதில்லை. ஆனால் பிளைவுட்டின் வெட்டு விளிம்பைத் திறந்தபடி விடாதீர்கள், தண்ணீரைக் குடித்து உப்பிவிடும். உப்பிய பல்லைப் பள்ளத்திலிருந்து பிடுங்க முடியாது.

ஈரத்தை எதிரியாக மட்டும் பார்க்க வேண்டாம். அதே 2019-இல், அதே குழு, ரெம்ஸ் பள்ளத்தாக்குத் தோட்டக் கண்காட்சிக்காக உர்பாக் என்ற ஊரில் 14 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றைச் செய்தது. 12 மரத் துண்டுகள். தட்டையாக, ஈரத்தோடு ஒட்டி, பிறகு உலர்த்தினார்கள். காயும்போது மரம் எப்படிக் கோணும் என்பதை முன்பே கணக்கிட்டிருந்ததால், ஒவ்வொரு துண்டும் வேண்டிய வளைவுக்குத் தானாகவே வந்தது.

ரோபோ இல்லை. பணமும் குறைவு. என்ன செய்யலாம்?

தாராளமாகச் செய்யலாம். ஷ்டுட்கார்ட் குழுவே 2010-இல் செய்த மண்டபத்தைப் பாருங்கள்: 6.5 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட் பட்டைகள், ஐந்நூறுக்கு மேற்பட்ட வெவ்வேறு துண்டுகள். தட்டையாக வெட்டியதைக் கட்டும் இடத்தில் கையால் வளைத்துக் கோத்தார்கள். வளைந்த பட்டை நேராக முயலும் விறைப்பே மண்டபத்தை நிறுத்தியது. அவர்கள் வெட்டியது ரோபோவில். ஆனால் தட்டைப் பட்டை வெட்டச் சாதாரண ரூட்டரே போதும்.

நம் ஊர்களில் கதவிலும் பூஜை அறைச் சட்டத்திலும் பூவேலை செய்து தரும் சிஎன்சி கடைகள் இருக்கின்றன. எட்டடிக்கு நாலடி பலகை படுக்கும் மேசை, மூன்று அச்சு. அது போதும். கடைக்காரருடன் முன்பே உட்கார்ந்து பேசுங்கள்: என்ன பிட் வைத்திருக்கிறார், பலகையை எப்படிப் பிடிக்கிறார், எந்தக் கோப்பு வடிவம் வேண்டும். பூவேலை செய்பவருக்கு அரை மில்லிமீட்டர் பொருட்டில்லை, உங்களுக்கு அது உயிர். அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எந்த மென்பொருள்?

ரைனோவும் அதோடு வரும் கிராஸ்ஹாப்பரும் இத்துறையில் பரவலாக இருக்கின்றன. பணம் இல்லையென்றால் ஃப்ரீகேட், பிளெண்டர். அட்டையும் கத்திரிக்கோலும் வைத்து ஒரு சிறு மாதிரி செய்யாமல் எதையும் திறக்காதீர்கள்.

மரம்தான் வேண்டுமா?

இல்லை. ஹைல்பிரான் கண்காட்சியிலேயே இன்னொரு மண்டபம் கண்ணாடி இழையிலும் கார்பன் இழையிலும் நின்றது. ரோபோ நூல் சுற்றுவது போல் சுற்றிச் செய்த 60 கூறுகள், மொத்தம் 1,50,000 மீட்டருக்கு மேல் இழை, எடை சதுர மீட்டருக்கு 7.6 கிலோ. பார்க்க அற்புதம். ஆனால் பிசினில் இறுகிய அந்த இழைகளைப் பிறகு பிரித்து மீட்பது கடினம் என்பது எனக்கு உறுத்தல். 2021-இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்தில் அதே முறையை ஆளிச் செடியின் நாரில் செய்து பார்த்தார்கள். 15 கூறுகள், 46 சதுர மீட்டர், மொத்தம் சுமார் ஒன்றரை டன். அந்தத் திசை எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. நார் நமக்குப் புதிதில்லையே.

கண்காட்சி முடிந்தபின் என்ன ஆகும்?

வரைவதற்கு முன்பே இதற்குப் பதில் வேண்டும். ஹைல்பிரான் மர மண்டபத்தைக் கழற்றி வேறிடத்தில் எழுப்பும்படியே வடிவமைத்தார்கள். பெட்டிக்குள் பசை, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே போல்ட். எது நிரந்தரம், எது திறக்க வேண்டியது என்ற எல்லைக்கோடு தெளிவாக இருக்கிறது. மாணவர் மண்டபங்களில் கடைசி நாள் அவசரத்தில் யாராவது ஒருவர் பசை டப்பாவோடு ஏறிவிடுவார். அதோடு அந்த மண்டபத்தின் இரண்டாம் பிறவி போய்விடும்.

துண்டு எண்ணை ஸ்டிக்கரில் ஒட்டாதீர்கள், முதல் மழையில் உதிர்ந்துவிடும். பல் வெட்டும் அதே ஓட்டத்தில் பிட்டை ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி, எண்ணையும் உட்பக்கம் எது என்பதையும் மரத்திலேயே செதுக்கச் சொல்லுங்கள். பக்கத்துத் துண்டின் எண்ணையும் அந்தந்த விளிம்போரம் செதுக்கிவிட்டால் வரைபடம் தொலைந்தாலும் பூட்டலாம். கழற்றும்போது பூட்டிய வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றி, கடைசியாக ஏறியதை லாரியில் அடியில் வைக்காமல் தனியாக அடுக்குங்கள். போல்ட்டுகளை நட்டோடு சேர்த்து முறுக்கி, அளவுவாரியாகப் பையில் போட்டு, முதல் துண்டோடு கட்டிவையுங்கள். அடுத்த முறை பூட்ட வருபவர் முதலில் தேடுவது அதைத்தான்.